கொந்தளிக்கிற தண்ணிக்கு ஒரு போர்டு

— அதை விட்டுட்டு இந்த அகலமான போர்டைப் பாரேன்டா தம்பி. ஆடாம நிக்கும்.

— அக்கா, இத்தனை வருஷமா கடல்ல சறுக்கற போர்டு விக்கிற கடை வச்சிருக்க. அது அமைதியான தண்ணிக்குன்னு உனக்குத் தெரியாதா? நாளைக்குப் போட்டியில அலை குத்து குத்துன்னு குத்தும். தட்டையா இருந்தா ஒவ்வொரு அலைக்கும் பட்டுபட்டுன்னு அடிச்சு முட்டி கழண்டுரும்.

— கழலட்டும். வீட்டுல உக்கார வச்சு சோறு போடறேன்.

— உன் சமையலுக்குக் கடலே மேல்!

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல... காத்தாடியைக் கட்டிக்கிட்டுப் பலகை மேல நின்னு கடல்ல இழுபடறதுக்குப் பேரு விளையாட்டா?

— நீ விக்கிறதே அதுக்குத்தானே! இதைப் பாரு. அகலம் கம்மி. ரெண்டு முனையும் நல்லா மேல வளைஞ்சிருக்கு, அலைக்குள்ள மூக்கைக் குத்தாது. அழுத்தினா லேசா வளையுது பாரு... அடியை இதுவே வாங்கிக்கும்.

— அது... ஒருத்தர் சொல்லி வச்சிருக்காரு.

— யாரு?

— ஒருத்தர்.

— அந்த ஒருத்தர் உன் புளுகுலதானே குடியிருக்காரு?

— கதவைச் சாத்துடா... வெளியில கடைப் பேர்ப்பலகை தடதடன்னு அடிச்சுக்குது, கேக்குதா? நாளைக்குக் காத்து இதுக்கு மேலயாம். போன வாரம் ஒரு பையனைக் காத்தாடி இழுத்துட்டுப் போய்ப் பாறையில அடிச்சுதே... இன்னும் கண்ணு முழிக்கல.

— அவனுக்குக் கயித்தைக் கழட்டத் தெரியல.

— உனக்கு மட்டும்? பத்து வயசு வரைக்கும் உன் ஷூ லேஸைக் கட்டி விட்டதே நான்தான்!

— சிரிப்பு வரலக்கா.

— எனக்கும்தான்... ஆமா, உன் கை ஏன்டா இப்படி ஜில்லுன்னு இருக்கு?

— ஏசி.

— ஏசி காலையிலேருந்து ஓடவே இல்ல.

— முதல் ஆளா பேர் குடுத்தவன் நான். இப்போ வரலைன்னா கூட்டாளிங்க ஆயுசுக்கும் ஓட்டுவாங்க. விடு, இதையே எடுத்துட்டுக் கிளம்பறேன்.

— வேணாம்டா... வேணாம்! அதை எடுக்காதே!

— ஏன் இப்படிக் கத்தற?

— நீ இதைத்தான் எடுப்பேன்னு தெரிஞ்சு, கால் நுழைக்கிற பட்டையோட திருகாணியை... நான்தான் தளர்த்தி வச்சிருக்கேன். கரையில காலை நுழைச்சதுமே பட்டை காலோட வந்துரும், போட்டியில விட மாட்டாங்க, நீ திரும்பி வந்துருவேன்னு நெனச்சேன். இப்போ... ஒருவேளை நடுக்கடல்ல கழண்டா?

— பார்த்தேன்.

— என்னத்த?

— காலையில இதை எடுத்துப் பார்த்தப்பவே திருகாணி ஆடுறது தெரிஞ்சுதுக்கா. இறுக்காமத்தான் விட்டேன். கரையிலயே கழண்டுட்டா... போகாம இருக்க எனக்கும் ஒரு சாக்கு கெடைக்கும்ல?