நாலாவது காலேஜ்

உக்காரச் சொல்லாதீங்க மேடம், நின்னுக்கிட்டே பேசறேன். காபி வேண்டாம். மிட்டாயும் வேண்டாம். இதுக்கு முன்னாடி பாத்த மூணு காலேஜ்லயும் இதே மாதிரி கண்ணாடிக் கிண்ணத்துல மிட்டாய் வெச்சிருந்தாங்க. பட்டாளத்துலேர்ந்து வர்றவங்க மிட்டாய்க்கு மயங்கிருவாங்கன்னு உங்களுக்கெல்லாம் யாரு சொன்னது?

பேரு கொரின் ஸ்டப்ஸ். வயசு முப்பத்தொண்ணு. எட்டு வருஷம் லாரிப் பிரிவுல இருந்தேன், சார்ஜண்டா வெளிய வந்தேன். உங்க குடும்ப, சமூக சேவைப் படிப்புல சேரலாமான்னு பாக்க வந்திருக்கேன். பாக்கத்தான். அந்தச் சேர்க்கைப் பாரத்தை அதுக்குள்ள என் பக்கம் தள்ளாதீங்க.

மொதல்ல உங்க கையேட்டைப் பத்திப் பேசிருவோம். அட்டையில, முன்னாள் வீரர்களின் தோழன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்க. கீழ ஒரு பையன் சல்யூட் அடிக்கறான். எந்தக் கையில அடிக்கறான்? நல்லாப் பாருங்க. ஆமா, இடது கை. படத்தை மாத்திப் போட்டு அச்சடிச்சுட்டீங்க. சட்டையில இருக்கற பேருகூட கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி நிக்குது. பட்டாளத்துல இருந்த ஒரே ஒரு ஆளுகிட்ட இதைக் காட்டியிருந்தா போதும், நொடியில சொல்லியிருப்பான். யார்கிட்டயும் காட்டல. நல்ல தோழன்.

சிரிக்காதீங்க. நான் சிரிக்கறதுக்காகச் சொல்லல.

சரி, எங்களுக்குன்னு இருக்கற ஆபீஸ்ல எத்தனை பேரு வேலை பாக்கறாங்க? ரெண்டு பேர். அதுல யாராவது பட்டாளத்துல இருந்தவங்களா? ஓ, ஒருத்தரோட மச்சான் கடற்படையில இருந்தாராக்கும். என் மச்சான் பல் டாக்டர் மேடம். அதுக்காக நான் யாரோட பல்லையும் புடுங்கறதில்ல.

கோவமா? நான் கோவமா இல்ல. கோவப்பட்டா எப்படி இருப்பேன்னு என் லாரிப் பசங்களைத்தான் கேக்கணும். எனக்கு நேரம் இல்ல, அவ்வளவுதான். மார்ச் மாசம் ஜட்ஜ் முன்னாடி நிக்கணும். என் பொண்ணு டெஸ்ஸா என்கூட இருப்பாளா, இல்ல அவங்க அப்பன் வீட்டுலயே இருந்துருவாளான்னு அன்னிக்கு முடிவாகும். அதுக்குள்ள ஒரு எடத்துல நிலையா உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தா நல்லதுன்னு வக்கீல் சொல்றாரு. அதான் காலேஜ் காலேஜா ஏறி எறங்கறேன்.

மத்த மூணும் என்ன ஆச்சுன்னா, மொதல் காலேஜ்ல எங்க ஆளுங்களுக்குன்னு வண்டி நிறுத்த எடம் ஒதுக்கி, கொடி படம் போட்டுப் பலகை வெச்சிருந்தாங்க. உள்ள போய் என் எட்டு வருஷத்துக்கு எத்தனை பாடம் தள்ளுபடி தருவீங்கன்னு கேட்டேன். ஒண்ணு. எது? உடற்பயிற்சி. ஈராக்ல முப்பது லாரியை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேத்தவளுக்கு, குதிச்சு கை தட்டற வகுப்புக்கு வர வேண்டாம்னு ஒரு சலுகை.

ரெண்டாவது எடத்துல எங்க ஆளுங்களைக் கவனிக்கறவரு செவ்வாய்க்கெழமைதான் வருவாரு. நான் செவ்வாய்க்கெழமை போனேன். மீன் பிடிக்கப் போயிருந்தாரு.

மூணாவது காலேஜ் நல்ல காலேஜ். அதை மறைக்க மாட்டேன். ஆபீஸ்ல நாலு பேரு, நாலு பேரும் பட்டாளத்துல இருந்தவங்க. என் தாள்களைப் பாத்துட்டு ஆறு பாடம் தள்ளுபடின்னு உடனே எழுதிக் குடுத்தாங்க. கூட்டத்துக்கு முதுகு காட்டி உக்காந்தா எங்களுக்குப் பாடம் மண்டையில ஏறாதுன்னு, கடைசி வரிசையில சுவரோரமா நாற்காலி ஒதுக்கி வெச்சிருக்காங்க. நான் கேக்கவே இல்ல, அவங்களே காட்டினாங்க.

பின்ன ஏன் அங்க சேரலன்னா கேக்கறீங்க? கேப்பீங்கன்னு தெரியும். சொல்றேன், வரிசையாச் சொல்லிக்கிட்டு வர்றேன்.

புள்ளைய ஒத்தையில வளக்கறவங்க வெளிநாடு கெளம்பணும்னா, பட்டாளத்துல ஒரு காகிதம் எழுதித் தரணும். நான் இல்லாதப்ப புள்ளைய யார் பாத்துப்பாங்க, எந்தப் பள்ளிக்கூடம், காய்ச்சல் வந்தா என்ன மருந்து, எல்லாம் அதுல இருக்கணும். எங்க பிரிவுல நாப்பது பேரோட காகிதத்தைச் சரிபாத்தது நான்தான். ஒரு எடம் காலியா இருந்தாலும் திருப்பி அனுப்பிருவேன். என்னோடதுல டேரல் பேரை எழுதினேன். விவாகரத்து ஆனவன்தான், ஆனா அப்பன்தானே. பத்து மாசம், அவ்வளவுதான்னு நெனச்சேன். நான் திரும்பி வந்து பையைக்கூடப் பிரிக்கல, புள்ள இங்க பழகிட்டா, இங்கயே இருக்கட்டும்னு கோர்ட்ல மனு போட்டுட்டான்.

பாவம்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

ரெண்டு வீட்டையும் நேர்ல பாத்து எழுதித் தரச் சொல்லி ஜட்ஜ் ஒரு பொண்ணை அனுப்பினாரு. மிஸ் கெட்லர். இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும். வர்ற தேதியை முன்கூட்டியே சொல்லிட்டாங்க. டெஸ்ஸா அந்த வாரம் என்கிட்ட இருந்தா. வீட்டைப் பாக்க ஒருத்தங்க வர்றாங்கன்னா எங்களுக்குப் பட்டாளத்து அறைச் சோதனைக்குத் தயாராகற மாதிரிதான் தயாராகத் தெரியும் மேடம். குளியலறைத் தரையைப் பல் தேய்க்கற பிரஷ் வெச்சுத் தேச்சேன். கட்டில் விரிப்பை மூலையில நாப்பத்தஞ்சு டிகிரிக்கு மடிச்சு இறுக்கினேன். பொம்மைங்களை உசரப்படி நிக்க வெச்சேன், கரடி மொதல்ல, வாத்து கடைசியில. அவ ஷூ மூணு ஜோடியும் ஒரே கோட்டுல. டெஸ்ஸாகிட்டயும் சொல்லி வெச்சேன், அந்தம்மா உள்ள வந்தா கட்டிலுக்குப் பக்கத்துல நில்லு, கேட்டா மட்டும் பதில் சொல்லுன்னு. ஏழு வயசு. அப்படியே நின்னா.

மொகத்தை ஏன் அப்படி வெச்சுக்கறீங்க? எட்டு வருஷத்துல ஒரு சோதனையில கூட நான் தவறினதில்ல.

மிஸ் கெட்லர் தூசி இருக்கான்னு ஜன்னல் விளிம்பைத் தொட்டுப் பாப்பாள்னு பின்னாலயே நடந்தேன். தொடல. அலமாரியைத் தெறக்கல. தரையில உக்காந்தா. டெஸ்ஸாகூட ஏதோ வரைஞ்சா. நடுநடுவுல எழுதினா. நாப்பது நிமிஷம். தேங்க்ஸ்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டா. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சு அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு பான்கேக் சுட்டேன், டெஸ்ஸாவுக்கு நாலு.

அறிக்கை மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. நாலு பக்கம். இப்போதைக்குப் புள்ள டேரல்கிட்டயே இருக்கட்டும், நான் வாரத்துக்கு ஒரு நாள் பாக்கலாம், மார்ச்ல மறுபடி விசாரிக்கலாம்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு.

கடைசிப் பக்கத்துல மிஸ் கெட்லரோட கையெழுத்து, அதுக்குக் கீழ அவ என்ன படிச்சா, எங்க படிச்சான்னு போட்டிருந்தது. குடும்ப, சமூக சேவை. இந்தக் காலேஜ். இதே துறை.

போனை வைங்க மேடம். காவலாளியை எல்லாம் கூப்பிட வேண்டாம். சண்டை போடணும்னுதான் கெளம்பினேன், ஒத்துக்கறேன். ஒரு தாய்கிட்டேர்ந்து புள்ளையைப் பிரிக்க எந்தப் புத்தகத்துலேர்ந்து சொல்லிக் குடுக்கறீங்கன்னு கேக்க, வழி பூரா வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். மத்த மூணு காலேஜ் எல்லாம் வக்கீலுக்குக் கணக்கு காட்டறதுக்கு. எனக்கு வேண்டியது இந்த எடம்தான்.

ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு. அப்படியே சொல்றேன். குழந்தை மேசையில் இருந்த தண்ணீரைக் குடிக்கத் தாயிடம் அனுமதி கேட்டது. தாய் தலையசைத்த பிறகே தம்ளரைத் தொட்டது. இவ்வளவுதான். நல்லதுன்னோ கெட்டதுன்னோ ஒரு வார்த்தை சேக்கல. நடந்ததை எழுதியிருக்கா.

இது பொய்னு மறுத்துரலாமான்னு வக்கீல் கேட்டாரு. எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததாவே ஞாபகம் இல்ல. அதனால அடுத்த தடவை டெஸ்ஸாவைப் பாக்கப் போனப்ப, ஜூஸை ஊத்தி முன்னாடி வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தேன். தம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா. வாயைத் தெறந்து கேக்கக்கூட இல்ல. காத்துக்கிட்டே இருந்தா.

ரெண்டடி தள்ளி நின்னிருக்கேன் மேடம் அன்னிக்கு. என் தலைதான் ஆடியிருக்கு. நாப்பது நிமிஷம் வந்தவ பாத்துட்டா, நான் ஒரு நாள்கூடப் பாக்கல. அவளுக்கு அதைப் பாக்க இங்க யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. அது எந்த வகுப்பு, யாரு எடுக்கறாங்க? தள்ளுபடி எல்லாம் ஒண்ணும் வேண்டாம், அதுல என்னைப் போடுங்க.

அந்த வகுப்பை எடுக்கறது நீங்களா?

சரி. எத்தனை மணிக்கு?