விலாசம் கேட்காத சேர்வர்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். முன் சீட்டில் மடிக்கணினியோடு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் இரண்டு பெண்கள். பஸ் எங்கே வருகிறதென்று காட்டும் இணையத்தளம் ஒன்றை எழுதி, அதன் நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாமென்று திறந்து விட்டிருக்கிறார்கள். இப்போது பார்க்க வருபவர்களின் கூட்டம் தாங்காமல் தளம் விழுகிறதாம். இன்றைக்கே ஏதாவதொரு கம்பெனி வாடகைக்கு விடும் பெரிய கிளவுட் சேர்வருக்கு மாற்றியாக வேண்டும்.

“இந்தக் கம்பெனி நல்லாருக்குடி. ஆனா வீட்டு நம்பர், தெரு பேரு கேக்குறான்.”

“பத்தாம் லயம், கடைசிக் காம்பரான்னு போடு.”

“போட்டேன். அப்படி எடமே இல்லங்குறான்.”

“நாடு பூரா பஸ் எங்க நிக்குதுன்னு காட்டுறோம், நாம எங்க இருக்கோம்னு காட்ட முடியலயே!”

“தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தானே வருது. மனேஜர் தொரை விலாசத்தப் போடவா?”

“போட்டுப் பாரு, சைட்டும் தோட்டத்துக்குச் சொந்தம்பாரு.”

“அப்ப எதத்தான் எடுக்குறது?”

“வேகம், பெருசெல்லாம் பாத்தது போதும். எவன் விலாசம் கேக்கலயோ, அவன எடு.”