கடைசி வரிக்கு வேண்டிய மூச்சு

— நிறுத்துங்க மாப்பிள்ளை! காது கிழியுது!

— நான் கையை எடுத்துட்டேன் அத்தை! அதுவா கத்துது!

— கையை எடுத்தப்புறம் எப்படிக் கத்தும்? ஆர்கனுக்குப் பேய் பிடிச்சிருக்கா?

— அது வந்து... உள்ளே ஒரு குழாய் சிக்கிக்கிச்சு. இந்தக் குமிழை உள்ளே தள்ளினா... ம்ம்... ஆச்சு.

— அப்பாடா! இருங்க, இருங்க. அது ஆர்கன் சத்தம் மாதிரியே இல்லையே. என் ட்ரம்பெட் மாதிரியில்ல இருந்துச்சு?

— அது வந்து அத்தை... அந்தக் குமிழை வெளியே இழுத்தா ஆர்கனே ட்ரம்பெட் மாதிரி ஊதும்.

— ட்ரம்பெட்டும் கையுமா நான் ஒருத்தி பக்கத்துலயே இருக்கேன். அப்புறம் அது எதுக்கு உங்களுக்கு?

— அது வந்து...

— ஆர்கனுக்கு மேல மாட்டியிருக்கிற கண்ணாடியில என்னைப் பார்க்காதீங்க. திரும்பி, மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க.

— நிமோனியாவுல படுத்து எழுந்ததுல இருந்து, பாட்டோட கடைசி வரியில உங்களுக்கு மூச்சு பத்தல. அந்த நீள சுரம் வரும்போது மட்டும் இந்தக் குமிழை லேசா இழுத்துவிடுவேன். உங்க மகதான் சொன்னா...

— அவளும் கூட்டா! சொந்த வீட்டுலயே சதி! அப்போ போன ஞாயிறு? பாட்டு முடிஞ்சதும் கீழே சர்ச்சுல அத்தனை பேரும் எழுந்து கைதட்டினாங்களே, அது யாருக்கு? உங்க குழாய்க்கா?

— போன ஞாயிறும் இழுத்தேன் அத்தை, ஆனா...

— இழுத்தேன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்கல்ல, போதும். நான் என்னமோ பழைய மூச்சு திரும்பிடுச்சுன்னு குமரி மாதிரி படியில குதிச்சு இறங்கினேன்!

— முழுசாக் கேளுங்க...

— கேட்க மாட்டேன். நாளைக்கு சர்ச் கச்சேரிக்கு நான் வரமாட்டேன். அத்தனை பக்திப் பாட்டையும் நீங்களே வாசிங்க, நீங்களே ஊதுங்க. நான் இனிமே இதைத் தொடப்போறதில்ல. எங்கே என் ட்ரம்பெட் பெட்டி?

— அது மேலதான் உட்கார்ந்திருக்கீங்க.

— சிரிப்பு வேறயா!

— அத்தை, அந்தக் குழாய் இன்னைக்கு ஏன் சிக்குச்சுன்னு ஒரு தடவை கேளுங்களேன்.

— சரி, ஏன்?

— பழுதாக் கிடந்ததைக் காலையிலதான் ரிப்பேர்காரர் வந்து சரிபண்ணிட்டுப் போனாரு, இன்னும் சரியாப் படியல. போன ஞாயிறு நான் இழுக்கிறேன், இழுக்கிறேன், அதுல இருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரல. அங்கே கேட்ட ட்ரம்பெட் உங்களுது மட்டும்தான்.