அக்கா சிரித்த பக்கங்கள்

கனமான புத்தகத்தைப் பற்றி எழுதுவது எளிது. புரியவில்லை என்றால் ஆழமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். லேசான புத்தகத்தில் அந்த வசதி கிடையாது. சிரிப்பு வந்ததா இல்லையா என்று நேராகவே கேட்டுவிடுவார்கள்.

வார இதழில் பொழுதுபோக்கு நாவல்களைப் பற்றி வரும் பக்கத்தை எழுதுவது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் சார். உங்கள் மனைவி அதை விடாமல் படிப்பதாக நேற்று நீங்களே சொன்னீர்கள். அவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுத்தே பிழைப்பாகிவிட்டதால் கொஞ்சம் நீளமாகப் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமீபத்தில் வந்தவை எல்லாம் சுமார் ரகம். ஒரு பேய்க் கதையில் பேய் பாழடைந்த பங்களாவைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்திருக்கிறது. லிஃப்டில் ஏறி இறங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஒரு காதல் கதையில் இருவரும் புத்தகம் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு ஒரே மழையில் சமாதானமாகிவிடுகிறார்கள். துப்பறியும் கதைகள் வண்டி வண்டியாக வருகின்றன. கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி மடை திறந்தாற்போல் பேசிவிடுகிறான், நிஜத்தில் யார் இப்படிப் பேசுவார்கள் என்று போன மாதம்கூடக் குறைப்பட்டு எழுதியிருந்தேன். அந்தக் கருத்தை இப்போது கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தால் பேசத்தான் தோன்றுகிறது.

எனக்குச் சிக்கலெல்லாம் நகைச்சுவை நாவல்களில்தான். எனக்குச் சிரிப்பு வராது. கோபக்காரன் என்றோ உம்மணாமூஞ்சி என்றோ நினைத்துவிடாதீர்கள். ஒரு விஷயம் ஏன் வேடிக்கையாக இருக்கிறது என்பது எனக்குப் பிடிபடாது, அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தால் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் சேர்ந்துகொள்வேன். இதை யாரும் கவனித்ததில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

என்னுடைய நகைச்சுவை உணர்வு என்று வாசகர்கள் கொண்டாடியது என் அக்காவுடையது. அத்தான் காலமான பிறகு அவள் என்னோடு வந்து தங்கிவிட்டாள். பெரிய அறை ஒன்றைப் பலகை அடித்து இரண்டாகத் தடுத்துக்கொண்டோம். பதிப்பாளர்கள் எப்போதும் இரண்டு பிரதி அனுப்புவார்கள். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு மற்றதை நான் எடுத்துக்கொள்வேன். யார் முதலில் முடிப்பது என்று எங்களுக்குள் சிறுவயதிலிருந்தே போட்டி உண்டு. “டேய், மூணாவது அத்தியாயம் வந்துட்டேன், நீ எங்க இருக்க?” என்று பலகைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். அவள் பக்கம் புரட்டும்போது நானும் புரட்டுவேன். அவள் சிரித்தால் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு கோடு. பிரமாதமான இடம் என்றால் பலகையில் தட்டுவாள். அதற்கு மூன்று கோடு போட்டு, அந்த வரியை என் பக்கத்தில் எடுத்தெழுதுவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அவளுக்கு ஆஸ்துமா இருந்தது. அதிகமாகச் சிரித்தால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். “சிரிக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்கம்மா” என்று டாக்டர் சொன்னபோது, “தம்பி எழுதுறதைப் படிச்சாப் போதும் டாக்டர், சிரிப்பே வராது” என்றாள். டாக்டர் சிரித்தார். நானும் சிறிது பொறுத்துச் சிரித்தேன். இன்ஹேலர் எப்போதும் அவள் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கைப்பையில் இன்னொன்று.

இதழின் ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் எல்லாம் இப்படியே ஓடியிருக்கும். ஒரு மாலை என்னைப் பார்க்க வந்தவர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். அந்தப் பேய்க் கதையைப் பற்றி அவள் ஏதோ சொன்னாள். அவர் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு சிரித்தார். என் எழுத்தைப் படித்துவிட்டு அவர் எதையும் கொட்டிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. நான் துணி எடுக்க உள்ளே போனேன். வாசல்படி தாண்டும்போது அக்காவின் குரல் கேட்டது.

“பாவம் சார் அவன். எதுக்குச் சிரிக்கிறோம்னே அவனுக்குத் தெரியாது. சின்ன வயசுல மத்தவங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் சிரிப்பான். இப்ப பலகையில காதை வச்சுக் கேக்கறான். கேக்கட்டுமேன்னு நானும் கொஞ்சம் சத்தமாவே சிரிக்கிறேன்.”

“அப்ப இதழ்ல வர்ற அந்தப் பக்கம் உங்களோடதுதானா? நீங்களே எழுதலாமேம்மா.”

“ஐயோ, அவன் மனசு உடைஞ்சுடும். வேணும்னா ரெண்டு பேர் பேரையும் சேர்த்துப் போடுங்க. நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

அவள் என்னைக் கேலி செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவள் குரலில் பிரியம்தான் இருந்தது. நான் ஒளித்து வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை அவள் இத்தனை காலம் கைக்குழந்தையைப் போல் இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறாள். அந்தச் சத்தமான சிரிப்பெல்லாம் எனக்குப் போட்ட பிச்சை. துணியைக் கொண்டுவந்து ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலும் அதே பரிவு இருந்தது. இனி ஊர் முழுக்க என்னை அப்படித்தான் பார்க்கும் என்று புரிந்தது.

அடுத்த வாரமே பேர் இரண்டாகும் என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். என் பேர் மட்டும் போட்டு வரவேண்டிய கடைசிப் பக்கத்துக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. ஒரு நாவலாசிரியர் இருக்கிறார். அவருடைய முந்தைய புத்தகத்தைப் படித்தபோது அக்கா பாதியில் நிறுத்திவிட்டு இன்ஹேலரை இழுக்க வேண்டியிருந்தது. அவருடைய புதிய நாவல் அச்சாகி வந்திருந்தது. பதிப்பாளரிடம் நானே நேரில் போய்க் கேட்டு வாங்கினேன். எந்தப் புத்தகம் வேடிக்கையானது என்று நானாகத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு முறைதான். தேர்வு சரியாக இருந்தது.

காலையில் அக்கா குளிக்கப் போயிருந்தபோது தலையணைக்குப் பக்கத்தில் இருந்ததையும் கைப்பையில் இருந்ததையும் எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் வந்து கட்டிலில் சாய்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். “கடைசியாத் தனியா எழுதுற, நல்லாக் கேட்டுக்கோடா” என்று சிரித்தாள். காற்றில் கதவு அடித்துக்கொள்ளும் என்று வெளியே கொக்கியைப் போட்டுவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

முதல் அத்தியாயத்திலேயே நாலைந்து கோடுகள் போட வேண்டியிருந்தது. போகப் போகக் கை ஓயவில்லை. நடுவில் ஒரு கல்யாணக் காட்சி வருகிறது. மாப்பிள்ளை தவறான மண்டபத்துக்குப் போய் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துவிடுகிறான். அங்கே அக்காவின் சிரிப்பு நிற்கவே இல்லை. பிறகு இருமலாயிற்று. பிறகு விசில் ஊதுவது போல ஒரு சத்தம். தலையணை விழுந்தது. கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது. கதவு ஆடியது. அதன்பின் பலகையில் தட்டினாள்.

பக்கத்து அறையில் இருந்துகொண்டு ஒன்றுமே காதில் விழவில்லையா என்று நேற்று கேட்டீர்கள். எல்லாம் விழுந்தது சார். கவனித்துக் கேட்பதுதானே என் வேலை. சிரிப்பு எது, மூச்சுத் திணறல் எது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியாது, சிரிப்பு விஷயத்தில் நான் ஒரு குருடன் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்லப் போவதில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். அவள் வெகுநேரம் தட்டினாள். நான் மூன்று கோடு போட்டேன். என் அக்காவைக் கொன்றது நான்தான்.

தட்டுவது நின்ற பிறகும் நான் உடனே எழுந்திருக்கவில்லை. புத்தகத்தை முழுக்கப் படிக்காமல் அபிப்பிராயம் எழுதும் பழக்கம் எனக்கில்லை. மிச்சத்தைப் பொறுமையாக வாசித்து, என் பக்கத்தை எழுதி உறையில் போட்டு வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் போய்க் கொக்கியை எடுத்தேன். இன்ஹேலர்களைப் பழைய இடத்தில் வைத்தேன். டாக்டருக்குப் போன் செய்தபோது என் குரல் நடுங்கியது உண்மை. அது நடிப்பல்ல. அவளை எனக்குப் பிடிக்கும்.

அந்தப் பக்கம் இந்த வாரம் என் பேரில் வெளியாகிவிட்டது. நாவலாசிரியர் மிகவும் வருத்தப்பட்டதாகக் கேள்வி. கடைசி அத்தியாயங்களைப் படித்துத்தான் ஊரே சிரிக்கிறதாம், நான் மட்டும் அவற்றை உப்புச் சப்பில்லாதவை என்று எழுதியிருக்கிறேனாம். இருக்கலாம். ரசனை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் கடைசிவரை படித்தேன். கல்யாணக் காட்சிக்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. அதை வாசகர்களிடம் மறைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.