படம் இல்லாத அளவு

தெருவில் பஞ்சுப் பாட்டி என்று கேட்டால் என்னைக் காட்டுவார்கள். வயது எழுபத்தொன்று. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆற்றங்கரைத் தெருக் கடைசி வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் மூத்த பேரன் கப்பலில் என்ஜினியர். இளையவன் முதல் தடவையிலேயே பாங்க் பரீட்சை பாஸ் செய்தவன். பேத்தி கல்லூரியில் தங்க மெடல் வாங்கியவள். காணாமல் போனது அவள்தான். இதெல்லாம் வேண்டாம் என்றார் எழுதிக்கொள்ளும் போலீஸ் அய்யா. அவளை ஊர்சுற்றி என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதால் சொன்னேன்.

ஆற்றில் தண்ணீர் ஏறுவதை வெள்ளத் தடுப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் பொதுமக்கள் குழுவில் அவள் இருந்தாள். பாலத்துத் தூணில் வரைந்திருக்கும் அளவுக் கோட்டைப் படம் எடுத்துப் போனில் போட வேண்டும். எவனோ விளையாட்டுக்குப் பொய் அளவு அனுப்பிய பிறகு, படம் இல்லாத அளவை அவர்கள் ஏற்பதில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் அவளைத் தவளை என்பார். "என்ன தவளை, இன்னிக்கு எத்தனை டம்ளர் மழை?" என்று கேட்பார். "உங்க மெஷின் மிதக்கிற அளவுக்கு மாமா" என்பாள்.

சம்பவத்தன்று காலை, ஆற்றோரப் பம்ப் ரூம் படியைத் தண்ணீர் தொட்டுவிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். படியைத் தொட்டால் தூணில் அபாயக் கோடான எட்டாம் கோடு மூழ்கிவிட்டது என்று அர்த்தமாம். உடனே அலுவலகத்துக்குப் போன் செய்து, கீழ்த்தெரு ஜனங்களைக் கிளப்பச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"புரியுதும்மா. படம் இல்லாம நான் மேல சொல்ல முடியாது. தூண் தெரியிற மாதிரி ஒண்ணு போட்டுடுங்க."

அவள் கிளம்பினாள். நான் கையைப் பிடித்தேன். "கீழ்த்தெருவுல சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்கு பாட்டி, விடு" என்றாள். குடையை நீட்டினேன். "ரெண்டு கையும் வேணும்" என்று வாங்காமல் போனாள்.

அதன் பிறகு படம் வந்தது. தையல்காரர் தன் போனில் காட்டினார். எட்டாம் கோட்டுக்கு மேல் தண்ணீர் நிற்பது தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு சங்கு ஊதினார்கள். கீழ்த்தெரு முழுக்க மேடேறியது. பிள்ளைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று டீச்சர் சொன்னார். அதன் பிறகு பாலத்தின் அந்தப் பக்கம் இடிந்து போய்விட்டது என்று சத்தம் கேட்டது. நான் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அது மடித்தபடியே இருக்கிறது.

அவள் தன் இஷ்டத்துக்குப் போனாள், யாரும் போகச் சொல்லவில்லை என்று அலுவலகத்தார் எழுதிக் கொடுத்ததை அய்யா படித்துக் காட்டினார். படம் போடச் சொன்ன குரலை நான் என் காதால் கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் வந்து அடையாளம் சொல்வேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் கலக்கவில்லை. கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடுகிறேன்.

ஸ்டேஷன் வாசலில் அவளைக் காணவில்லை என்று ஒட்டியுள்ள நோட்டீசில் மழைக்கோட்டுக்குள் பாதி முகம்தான் தெரிகிறது. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. போன மாதம் எடுத்தது கொண்டுவந்திருக்கிறேன், தெற்றுப்பல் தெரியச் சிரிக்கிறாள். இந்தப் புதுப் படத்தை ஒட்டச் சொல்லுங்கள் அய்யா.