டப்பாவா, உதிரியா

கடலோரம் குடியிருப்பவர்கள் தகர சாமான் வாங்கும்போது கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும், மேடம். எங்கள் சதுரங்கப்பட்டினத்தில் புதுக் கதவு போட்டால்கூட ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கையில் துரு ஒட்டும். அதனால் வாரம் ஒருமுறை கொண்டி, கீல், டப்பா மூடி எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் தொட்டு வைப்போம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அது என் வேலை. பதருன்னிசா வேலையில் சுத்தம் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மாமனார் காஜா மொய்தீன் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தவர். அங்கே ஒட்டிக்கொண்டது புகை பிடிக்கிற அந்தப் பைப். வேலையை விட்டு வந்து வருஷக்கணக்காகியும் அது வாயை விட்டு இறங்கவில்லை. அதற்கான புகையிலை உள்ளங்கை அகலத்தில் வட்டமான தகர டப்பாவில் வரும். மகாபலிபுரத்தில் வெள்ளைக்காரர்கள் வாங்குகிற கடையில்தான் கிடைக்கும். என் வீட்டுக்காரர் அஜ்மல் மறைமலைநகர் கம்பெனியில் ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வந்து விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். ஆகவே மாமாவுக்குப் புகையிலை வாங்குவதும் என் தலையில்தான்.

மாமாவுக்கு நெஞ்சுவலி உண்டு. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். கப்பலில் வியர்வையில் காகிதமும் அட்டையும் ஊறிப்போகும் என்பதால் மாத்திரைகளைக் காலியான புகையிலை டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது அந்த நாளிலிருந்தே அவர் வழக்கம். ஒரு டப்பா புகையிலை தீர்ந்ததும் மாத்திரைகள் காலியான அந்த டப்பாவுக்குக் குடி போகும், பழையது குப்பைக்குப் போகும். அடிக்கடி வலி வராது. அதனால் திறந்து பார்க்க மாட்டார். காலையில் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே சத்தம் கேட்டால் அவருக்கு நிம்மதி.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் அந்தப் பைப்பை நீங்கள் பக்கத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள். கடிக்கிற முனையில் எப்போதும் எச்சில் மினுங்கும். அதன் தண்டுக்குள் கம்பி விட்டு எடுத்தால் கறுப்பாக, கோழையும் தாரும் கலந்த மாதிரி ஒன்று வரும். அதை வாஷ்பேசினில் உதறுவார். அந்த வாஷ்பேசினில்தான் நான் குழந்தைக்கு முகம் கழுவ வேண்டும். தலையணை உறையில் அந்த வாடை, துவைத்த சட்டையில் அந்த வாடை, சோற்றுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால் சோற்றிலும் அந்த வாடை. அவர் குடித்த டம்ளரை நான் இரண்டு விரலால்தான் தூக்குவேன். சாப்பிட்டுவிட்டு அவர் தொண்டையைச் செருமுவார். நான் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அஜ்மலிடம் சொன்னால், "வயசான மனுசன், வுடு" என்பார். விட்டுவிட்டு எங்கே போவது?

போன ஆடி மாதம் என் மகள் ஜன்னா, அவளுக்கு ஒன்றரை வயது, அந்தப் பைப்பை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் பழுப்பு. வாந்தி எடுத்தாள். அன்றைக்குத்தான் என் மனசு முடிவெடுத்தது. ஒரு தாய் வேறென்ன செய்வாள், சொல்லுங்கள்.

அந்த வாரமே கடைக்குப் போனேன். கடைக்காரர் தீனதயாளன் என்னைப் பார்த்ததும் ஒரு சாக்குப்பையைப் பிரித்துக் காட்டினார்.

"அக்கா, இப்ப உதிரியும் வந்துகினு கீது. அதே சரக்குதான். விலையும் கம்மி. வூட்ல கண்ணாடி பாட்டில்ல கொட்டி வெச்சிக்கினா போதும். இன்னா, டப்பாவா உதிரியா?"

"டப்பா கீதா?"

"மாமாவுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். அவரு டப்பாதான் கேப்பாரு."

ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். மாமாவின் சட்டைப்பையில் இருக்கும் டப்பாவுக்கு அப்போதே விளிம்பு பழுப்பேறியிருந்தது. புது டப்பா போனால் மாத்திரைகள் அதற்கு மாறிவிடும். போகாவிட்டால் பழையதிலேயே கிடக்கும். உதிரியே கொடுங்கள் என்றேன். அவர் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். உதிரி வாங்கியது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இருக்காது, இல்லையா?

வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கொட்டி வைத்தேன். மாமா முகர்ந்து பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"டப்பா வரலயா பதுரு?"

"இனிமே வராதாம் மாமா."

"பரவால்ல. நீ அவ்ளோ தூரம் போயி வாங்கியாந்தியே, அது போதும்."

அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பல்லிடுக்கில் புகையிலைத் துணுக்கு. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவர் சட்டை தோய்க்க வரும்போது டப்பா என் கையில் வரும். மற்ற எல்லா மூடிக்கும் எண்ணெய் தொட்டேன், அதற்குத் தொடவில்லை. எண்ணெய்க்குப் பதிலாகக் கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு விளிம்பைச் சுற்றித் தடவி வெயிலில் காய வைப்பேன். குலுக்கிப் பார்ப்பேன். சத்தம் நன்றாகவே வரும். மழைக்காலம் முடியும்போது மூடியும் டப்பாவும் ஒரே தகரமாகிவிட்டன.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது. டப்பாவை எடுத்துக் கட்டைவிரலால் நெம்பினார். ஒரு ரூபாய்க் காசை விளிம்பில் வைத்துத் திருகினார். காசு நழுவி உருண்டது. பிறகு வாயில் வைத்துப் பல்லால் கடித்தார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"பதுரு, இத்த கொஞ்சம் தொறந்து குடும்மா" என்று நீட்டினார்.

டப்பா முழுக்க எச்சில், மேடம். நூல் நூலாகத் தொங்கியது. நான் தொடவில்லை. பிடிக்கத் துணி எடுத்து வருகிறேன் மாமா என்று உள்ளே போனேன். கைக்குக் கிடைத்த துணி ஈரமாக இருந்தது. கொடியில் ஒன்று இருந்தது, அதை எடுத்து உதறி மடித்தேன். பீரோவில் அதே மாத்திரை ஒரு முழு அட்டை பிரிக்காமல் இருந்தது. பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. அதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம், ஆனால் நான் மறக்கவில்லை. அவர் என்னை இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது தடவை பேர் முழுசாக வரவில்லை. சத்தம் அடங்கும்வரை துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நாற்காலிக்குக் கீழே தரையைப் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் அஜ்மலுக்கு போன் செய்தேன்.

அடக்கம் முடிந்து மறுநாள் அஜ்மல் அந்த டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் பிளந்தார். உள்ளே மாத்திரைகள் ஈரமில்லாமல் பளிச்சென்று இருந்தன. விளிம்பில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தார். உப்பு. என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்றேன். அவர்தான் அதை ஸ்டேஷனில் உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள். ஜன்னா பைப்பைச் சப்பிய அன்றே மாமா அழுதார், அதற்குப் பிறகு பைப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை, டச்சுக் கோட்டை மதில் பக்கம் போய்ப் பிடித்துவிட்டு வாய் கொப்பளித்துத்தானே வருவார், பிறகு எதற்கு இது என்றீர்கள். உண்மைதான். பைப் வெளியே போய்விட்டது. வாய் வீட்டுக்குள்தானே இருந்தது?

இருந்தாலும் குழந்தைக்காகச் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், அப்படியே கையெழுத்துப் போடுகிறேன். அவள் இப்போது செங்கல்பட்டில் என் அம்மாவிடம் இருக்கிறாள். என்னை நினைத்து அழுகிறாள், கொண்டுவந்து காட்டட்டுமா என்று அம்மா கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவளுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது, மேடம், எந்நேரமும் எச்சில் வடிகிறது. வீட்டில் இருந்தபோதே கடைசி ஒரு மாதமாக நான் அவளைத் தூக்கவே இல்லை.