ஒளித்த செருப்பும் நாகேஸ் அக்காவின் இங்கிலீஷும்

“செருப்பை ஒளிச்சாத்தான் அவவுக்கு இங்கிலீஷ் வருகுதடி!”

கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இதைச் சொன்னவள் வீட்டில் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவள்.

“ஆருக்கு?” என்றாள் தோழி.

“நாகேஸ் அக்காவுக்கு. புருஷன் கனடாவில. திங்கட்கிழமை எம்பசியில இன்டர்வியூ. ஆனா வாயே திறக்கமாட்டா. என்ர வகுப்பில நாகேஸ், யோகேஸ், தாஸ் எண்டு எல்லாற்ற பேரும் ‘ஸ்’ஸிலதான் முடியுது. ஒரு சாமான் ஆருக்குச் சொந்தம் எண்டு சொல்ல, பின்னால இன்னொரு ‘ஸ்’ போட்டு ‘தாஸஸ்’ எண்டுங்கோ எண்டால், அவவுக்குப் பாம்பு மாதிரிச் சீறேலாதாம்.”

“பிறகு?”

“நேற்று யோகேஸ் அக்கா தன்ர எண்டு நினைச்சு இவவின்ர புதுச் செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டா. நாகேஸ் அக்கா பாய்ஞ்சு வந்து, ‘நோ! நாகேஸஸ் சிலிப்பர்ஸ்!’ எண்டா. ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்! இண்டைக்குக் காலமை நானே ஒளிச்சு வைச்சன். திரும்பவும் அதே சத்தம்!”

சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறினோம். அவள் உட்காருமுன்னே தொடங்கிவிட்டாள்.

“செருப்புக்கே இந்தக் கத்துக் கத்திறா. நாளைக்குக் கலியாணப் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறன்.”

“அது என்னத்துக்கு?”

“மாப்பிள்ளையைத் தொட்டுக் காட்டி, ‘திஸ் இஸ் யோகேஸஸ் ஹஸ்பண்ட்’ எண்டு சொல்லப்போறன்.”

“ஐயோ, உன்னை அடிக்கப்போறா!”

“அடிக்கட்டும். முதல்ல இங்கிலீஷில ஏசிப்போட்டு அடிச்சால் போதும்.”